பக்கத்தில் வைத்த ரத்தம்

கேகாலையில் அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துப் படியேறும்போதே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ரப்பர் பால் வெட்டுகிற இடத்தில் இரண்டு தடவை மயங்கி விழுந்திருந்தேன். "ரத்தத்துல ஏதோ கோளாறா இருக்கலாம்" என்று தோட்டத்து டாக்டரையா சொல்லி அனுப்பியிருந்தார்.

பரிசோதகர் வெளிறிய மனிதர். சட்டை தோளில் தொங்கியது. மேசையில் ஒரு இறாத்தல் பாண் ரொட்டி அளவில் புது நுணுக்குக்காட்டி இருந்தது. ரத்தம் தடவிய கண்ணாடியைச் செருகினால் அதுவே நகர்த்தி நகர்த்திப் பெரிதாகப் படமெடுத்துத் திரையில் காட்டும். பயந்து வருகிறவர்களுக்குத் தன் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவது அவர் வழக்கமாம். தன் ரத்தம் தடவிய பழைய கண்ணாடி மங்கிவிட்டதென்று, அன்று என் விரலைக் குத்திய கையோடு தன் விரலையும் புதிதாகக் குத்திக்கொண்டார். சாயம் போட்டுக் காயவைக்கும் வரை தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

முதலில் என் படம் வந்தது. சிவப்பு வட்டங்களுக்கு நடுவே ஊதாவாக ஒன்றிரண்டு.

"அந்த ஊதாதான் நோயிங்களா?"

"இல்ல தங்கச்சி, அது எல்லாருக்கும் இருக்கும். கூடிப்போனாத்தான் பயம். இப்ப என்னோடத பாருங்க, இதே மாதிரித்தான் இருக்கும்."

பெட்டி முனகியது. அடுத்த படம் முழுக்க ஊதா. அதற்கடுத்ததும் அப்படியே.

"என்னோடது எதுங்க?"

"மொதல்ல வந்ததுதான். உங்களுக்கு ரத்தம் கொறவு, அவ்வளவுதான். பயப்படாம போங்க."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். என் விரல் எப்போதோ காய்ந்திருந்தது. அவர் இன்னும் தன் விரலைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். பஞ்சு சிவந்துகொண்டே போனது. "பயப்படாதீங்க" என்று அவருக்குத் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.