மணியைப் பார்க்கப் போய்ப் பூட்சுக்குக் காவல் இருந்தேன்

ரங்கூனில் இறங்கிய அன்று மாலையே என் வலது கைக்குக் கட்டுப் போட்டுவிட்டார்கள். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. தங்கை மகள் ராஜத்துக்குப் பள்ளிக்கூடத்தில் முதலுதவிப் பரீட்சை வருகிறதாம். பழகுவதற்கு ஒரு கை வேண்டுமாம். நாகப்பட்டினத்திலிருந்து கடலைத் தாண்டி வந்த மனிதன் இடது கையால் சோறு தின்றேன்.

தங்கை செல்லம்மாள் வீடு பசுந்தாங் பேட்டையில், ஓடைக் கரையோரம். அரிசி ஆலைகளின் உமிப் புகை அங்கே துணிமணி, சோறு, தூக்கம் எல்லாவற்றிலும் படியும். அவள் புருஷன் சிதம்பரம் அப்படி ஓர் ஆலையில் குமாஸ்தா. ராஜம் படிப்பது ஸ்காத்துலாந்து பாதிரிமார் நடத்தும் பெண்கள் உயர்தரப் பள்ளி. படிப்பது என்று சொன்னேன். படித்து நான் பார்க்கவில்லை. திங்கட்கிழமை தையல், செவ்வாய்க்கிழமை கட்டுக் கட்டுவது, புதன்கிழமை அவர்கள் நாட்டு நடனம். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நுனிக்காலால் குதிப்பது அந்த நடனம். வியாழக்கிழமை பாட்டு. வெள்ளிக்கிழமை ஊர் சுற்றிப் படம் வரைவது. அதற்குப் பூகோளம் என்று பெயர். கட்டுக்குப் பரீட்சை மட்டும்; மற்ற எல்லாவற்றுக்கும் பரிசு உண்டு. வாங்கியவர்கள் பெயரைத் தங்க எழுத்தில் பலகையில் எழுதி வாசலில் மாட்டியிருக்கிறார்கள்.

இதெல்லாம் சிதம்பரத்துக்கு அலுத்துவிட்டது. முதல் நாள் இரவுச் சாப்பாட்டிலேயே சொல்லிவிட்டார்.

"மச்சான், நான் ஒரே பேச்சுதான். இந்த வருசம் ஏதாவது பரிசு வாங்கினா இருக்கட்டும். இல்லேன்னா நீங்க போறப்ப கூடவே கப்பல் ஏத்திவிட்டுர்றேன். ஊர்ல நல்ல இடமாப் பாருங்க."

செல்லம்மாள் பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். தையலும் பாட்டும் நடனமும் ஏற்கெனவே ராஜத்தின் கைவிட்டுப் போயிருந்தன. மிச்சம் இருந்தது சித்திரப் பரிசு ஒன்றுதான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சுவேடகோன் பகோடா என்னும் பெரிய புத்தர் கோயிலுக்குப் புறப்பட்டோம். பள்ளிப் பெண்களும் அவர்களுடைய வெள்ளைக்கார ஆசிரியையும் குதிரை வண்டிகளில், துணைக்கு நான். என் வண்டிக்காரர் காதர்பாய், நாகூர்ப் பக்கத்துக்காரர். பேச்சு என்றால் எனக்குச் சர்க்கரை, அவருக்கும் அப்படியே.

"இந்தப் பள்ளிக்கூடத்தை நான் வருசா வருசம் இட்டாந்து விடுறேன் அண்ணே," என்றார். "வருவாங்க. கீழே சிங்கத்துக்கிட்ட உக்காருவாங்க. ரொட்டி தின்பாங்க. போயிருவாங்க."

"மேலே ஏறமாட்டார்களா?"

"செருப்பைக் கழட்டணும்ல? வெள்ளைக்காரங்க காலை விட்டாலும் விடுவாங்க, பூட்ஸை விடமாட்டாங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். படிக்கட்டின் அடியில், இரண்டு பிரம்மாண்டமான சிங்க உருவங்களுக்கு நடுவே இறங்கியதும் விஷயம் புரிந்தது. பகோடாவில் யாரானாலும் வெறுங்காலோடுதான் ஏற வேண்டும். அப்படி ஏறுவது கௌரவக் குறைவு என்று ஊரிலுள்ள வெள்ளைக்காரர்கள் பேசி வைத்து ஒதுங்கியிருக்கிறார்கள். ஆசிரியையைப் பர்மியப் பெண்கள் 'சயாமா' என்கிறார்கள்; அந்த ஊரில் ஆசிரியைக்கு அதுதான் அழைப்பு. அந்த அம்மாள் கால்களில் முழங்காலைத் தொடும் பூட்ஸ். வந்ததும் சிங்கத்தின் நிழலில் உட்கார்ந்து ரொட்டிக் கூடையைத் திறந்துவிட்டார்.

மற்ற வருஷங்களில் சிங்கத்தையே வரையச் சொல்லிவிடுவார்களாம். இந்த வருஷம் பரிசுக்குப் படம் பொறுக்குகிறவர் அவர்கள் சீமையிலிருந்து புதிதாக வந்தவர். பகோடாவின் மேல்தளத்திலுள்ள பெரிய மணியை வரைய வேண்டும் என்று அறிவித்துவிட்டார். மணிக்கு முன்னால் உட்கார்ந்துதான் வரைய வேண்டும். வரைவதை ஆசிரியை கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மணியோ மேலே. ஆசிரியையோ கீழே. இப்படி ஒரு போட்டியை ஏற்பாடு செய்து, வண்டி பிடித்து, ரொட்டி வெட்டி, இத்தனை பேரையும் கிளப்பிக்கொண்டு வரும் வரை ஒருவருக்கும் இது தோன்றவில்லை!

"என்ன செய்யப் போகிறார்களாம்?" என்று ராஜத்தைக் கேட்டேன்.

"இந்த வருசம் சித்திரப் பரிசு இல்லைன்னு எழுதிடுவாங்களாம், மாமா."

அவள் அதை வேறு யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கட்டுப் போட்ட கையை ஆட்டிக்கொண்டு அம்மாள் முன்னால் போய் நின்றேன்.

"ராஜம், நான் சொல்றதை அப்படியே இங்கிலீஷில் சொல்லு. ஏம்மா, இந்தப் பொண்ணு இன்னைக்கு மணியை வரையலேன்னா அடுத்த வாரம் என்னோட கப்பல்ல இருப்பா. அப்புறம் உங்க பலகையில யார் பேரை எழுதினா எங்களுக்கென்ன?"

அதட்டிய பிறகு ராஜம் ஏதோ சொன்னாள். நான் சொன்னதில் பாதிகூட இராது, அது போதுமாயிருந்தது. ஆசிரியை ரொட்டியைக் கீழே வைத்தார். ஏதோ கேட்டார். ராஜம் தலையை ஆட்டினாள்.

"ஏன் முன்னாடியே சொல்லலைன்னு கேக்குறாங்க, மாமா."

அந்த அம்மாள் சாலையை இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு குனிந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். அந்தப் பூட்ஸில் எத்தனை கொக்கி! ஒவ்வொன்றிலும் கயிறு சிக்கியது. ஒரு பர்மியப் பெண்ணும் ஒரு சீனப் பெண்ணும் உட்கார்ந்து ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். கடைசியில் காலுறையையும் உருட்டி உள்ளே திணித்து, பூட்ஸ் இரண்டையும் என் கையில் கொடுத்தார். நான் காவல் இருக்க வேண்டுமாம். தம் சபையார் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதாம்.

பெண்கள் ஏறிப் போனார்கள். நடுவில் அந்த வெள்ளைப் பாதங்கள், சூடான பாலில் இறங்குவது போலப் பயந்து பயந்து ஏறின.

நான் சிங்கத்தடியில் உட்கார்ந்தேன். மோட்டார் ஏதாவது வந்தால் அங்கவஸ்திரத்தால் பூட்ஸை மூடினேன். போனதும் திறந்தேன். காக்கைகள் ரொட்டிக்கு வந்தன. இடது கையால் விரட்டினேன். காதர்பாய் எதிரே வந்து நின்றார்.

"என்ன அண்ணே, யாரோ காலைத் தொலைச்சிட்டாங்க போல?"

"போம் ஐயா! குதிரையைப் பாரும்."

"குதிரை ஓடாது அண்ணே. நீங்கதான் ஓடிருவீங்க போல இருக்கு."

வெயில் தலைக்கு வந்த பிறகுதான் இறங்கி வந்தார்கள். அம்மாளின் முகம் சிவந்து, பாதம் கறுத்திருந்தது. கடகடவென்று பேசினார்.

"கல்லு சுடுதாம், மாமா. இத்தனை வருசம் கீழேயே உக்காந்து ரொட்டி தின்னோமேன்னு அங்கலாய்க்கிறாங்க."

ராஜத்தின் படத்து மூலையில் அம்மாளின் கையெழுத்து இருந்தது. நல்லது, இனி நான் ஒரு நடை மேலே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். புதன்கிழமை நடனம் விட்டுப்போயிருக்கிறதாம், மாலையில் ஈடு கட்ட வேண்டுமாம். வண்டிகள் கிளம்பிவிட்டன.

பரிசளிப்பில் ராஜத்துக்கு மூன்றாவது பரிசு. வீட்டுக்கு வந்ததும் சிதம்பரம் ஆரம்பித்தார்.

"மூணாவதெல்லாம் ஒரு பரிசா?"

"பரிசுன்னுதானே சொன்னீங்க?" என்றாள் செல்லம்மாள். "முதல் பரிசுன்னா சொன்னீங்க? அண்ணன் சாட்சி. சொல்லுண்ணே!"

சொன்னேன். சிதம்பரம் என்னை முறைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மறு சோறும் கேட்டார்.

புறப்படும் வரை பகோடாவுக்குப் போக எனக்கு நேரமே வாய்க்கவில்லை. ஒரு நாள் தலைக்குக் கட்டு. ஒரு நாள் காலுக்கு. கப்பல் தளத்தில் நான் பாயை விரித்தபோது பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. ராஜம் வழியனுப்ப வந்து, மணியை முதலில் கிறுக்கிப் பார்த்த காகிதத்தைக் கொடுத்தாள்.

"ஒரு பக்கம் நிழல் விட்டுப்போச்சு, மாமா. பாத்துக்கோங்க."

ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள்: ரங்கூன் போனாயே, பகோடா எப்படி, மணி எவ்வளவு பெரிது? காகிதத்தை நீட்டுகிறேன். இதற்கு மேல் மணியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பூட்ஸைப் பற்றிக் கேளுங்கள். கொக்கி கொக்கியாகச் சொல்கிறேன்.