எங்கள் ஸ்டேசனுக்கு ஒரே ஒரு மஞ்சள் தாள்

எங்கள் ஊரில் இன்றைக்கும் ரயில் நிற்கிறதென்றால் அதில் எனக்குப் பெரிய பங்கு உண்டு. இதைக் கூச்சமில்லாமல் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இந்த நாட்டுக்கு வந்து பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடித்தேன். பிறகு சொந்தமாகத் துப்புரவுக் கம்பனி தொடங்கி டேனிஷ்காரருக்கே வேலை கொடுத்தேன். கூச்சம் என்னோடு எந்தக் காலத்திலும் குடியிருந்ததில்லை.

ஓகூஸிலிருந்து விபோர்க் போகும் பாதையில் உள்ள சின்ன ஊர் எங்களுடையது. ஸ்டேசன் என்று சொன்னாலும் கட்டடம் கிடையாது. ஒரு மேடை, ஒரு கண்ணாடிக் கொட்டில், சைக்கிள் விட ஒரு கூரை, அவ்வளவுதான். அதற்குப் பக்கத்தில்தான் வீடு வாங்கினேன். இரைச்சல் என்று எல்லோரும் தடுத்தார்கள். இரையட்டும், என் மனைவி நடந்துபோய் ஏறுவாள் என்றேன்.

அவளுக்குப் பக்கத்துக் கொமூனின் முதியோர் இல்லத்தில் வேலை. கொமூன் என்றால் நம்முடைய பிரதேச சபை மாதிரி. காலை ரயிலில் போனால், வயதானவர்களை எழுப்பிக் குளிப்பாட்டிச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவருகிற நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அவளுக்குக் கார் ஓடத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் சர்க்கரை கண்ணைத் தொட்டபிறகு ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் கொமூனின் பஸ் எல்லை வரைக்கும் போய்த் திரும்பிவிடும். அவர்களுடைய பஸ்ஸும் அந்தப் பக்கத்திலிருந்து எல்லை வரைக்கும் வந்து திரும்பிவிடும். நடுவில் பார்லி வயல். எல்லை பார்க்காமல் ஓடுவது ரயில் ஒன்றுதான். மத்தியான ரயிலில் நானும் விபோர்க் போய்ப் பழைய தொழிற்சாலைக் கூட்டாளிகளோடு சீட்டாடிவிட்டு வருவேன்.

அந்த ரயிலுக்குத்தான் ஆபத்து வந்தது. பாதையோரத்துக் கொமூன்கள் சேர்ந்து புதிய நேர அட்டவணை போடப்போவதாக அறிவித்தார்கள். இதில் ஒரு கொமூன் தனியாக முடிவெடுக்க முடியாது. எல்லோரும் ஒத்துவந்து ஒரே திட்டமாக மேலே அனுப்பவேண்டும். நாலு சம்பந்திமார் சேர்ந்து ஒரு கலியாணத்துக்கு நாள் வைக்கிற கதைதான். பெரிய ஊர்க்காரருக்கு வேகம் வேண்டும். சின்ன இடங்களில் நிற்காமல் ஓடினால் ஓகூஸுக்குச் சுறுக்காகப் போகலாம். நிற்காமல் விடுகிற இடங்களில் எங்களுடையதும் இருந்தது.

மனைவி வேலை உடுப்பை மடித்துக்கொண்டே சொன்னாள்: "ரெயின் நிக்காட்டி நான் வேலையை விடவேணும். வேற வழியில்ல."

"என்ன கதை கதைக்கிறீர்?"

"உண்மையைத்தான். பாஷை படிச்சு, சோதினை எழுதி, நானா எடுத்த வேலை. அதை விட்டிட்டு வீட்டில இருந்து உங்கட முகத்தையோ பாக்கிறது?"

"நான் இருக்கிறன். ரெயின் நிக்கும்" என்றேன். சொன்னால் செய்கிறவன் நான்.

பள்ளிக்கூட மண்டபத்தில் பொதுக்கூட்டம் வைத்தார்கள். ஊரில் உள்ள தமிழ்க் குடும்பம் ஒன்று விடாமல் தொலைபேசி எடுத்தேன். கோயிலுக்குப் போகிறவர்கள், தேவாலயத்துக்குப் போகிறவர்கள் என்று பார்க்கவில்லை. "நான் கதைக்கிறன். நீங்கள் வந்து நிறைஞ்சு இருந்தாக் காணும். ஆளுக்காள் எழும்பிக் குழப்பாதேங்கோ" என்றேன். எங்கள் வழக்கம் அதுதானே. கலியாணமோ செத்தவீடோ, தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டியோ, மூத்தவர் ஒருவர் எழுந்து பேசுவார். பின்னால் இருக்கிற தலைகள்தான் அந்தப் பேச்சின் பலம்.

வந்தார்கள். கடைசி வரிசைகள் முழுக்க எங்கள் சனம். நான் எழுந்து, தொழிற்சாலையில் கற்ற டேனிஷில், இயந்திரச் சத்தத்துக்கு மேலால் பேசிப் பழகிய குரலில் பேசினேன். கை தட்டினார்கள்.

சுவரில் ரயில் பாதையை நீளமாக வரைந்து ஒட்டியிருந்தார்கள். ஒருவர் பேசி முடித்ததும், கூட்டத்தை நடத்திய பெண் அவர் சொன்னதைச் சின்ன மஞ்சள் தாளில் எழுதி, அவருடைய ஸ்டேசனுக்குக் கீழே ஒட்டினாள். எனக்கும் ஒன்று ஒட்டினாள். பிறகு பின்வரிசைகளைப் பார்த்து, "இந்த ஸ்டேசனிலிருந்து வேறு யாருக்காவது சொல்ல இருக்கிறதா?" என்று கேட்டாள். எங்கள் ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "சரி" என்று அடுத்த ஊருக்குப் போய்விட்டாள்.

மற்ற ஸ்டேசன்களுக்குக் கீழே தாள்கள் குலைகுலையாகத் தொங்கின. எங்களுக்குக் கீழே ஒன்று.

பக்கத்துக் கொமூனின் சபை உறுப்பினர் ஒருவர் சுவரைக் காட்டிச் சொன்னார்: "அங்கே ரயில் வேண்டும் என்கிறவர் ஒருவர்தான். அவரும் ஓய்வூதியம் எடுக்கிறவர்."

எனக்குக் காது சுட்டது. ஆனால் எனக்கு ஒரு விஷயம் விளங்க அதிக நேரம் எடுக்காது. படையைச் சரியாகத்தான் கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் இந்த நாட்டில் வாய் திறக்காத தலையை யாரும் எண்ணுவதில்லை. கோப்பிக்கு இடைவேளை விட்டதும் நேரே பின்வரிசைக்குப் போனேன்.

"எல்லாரும் எழும்பிக் கதையுங்கோ. ஆளுக்கொண்டு சொல்லுங்கோ."

மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, என் மனைவியோடு ஒன்றாக வேலை செய்பவள், கேக்கை மென்றுகொண்டே கேட்டாள்: "அண்ணை, நீங்கள்தானே வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னனீங்கள்? சமையலையும் விட்டிட்டு வாய் மூடத்தானே வந்தனாங்கள்."

"இப்ப திறக்கச் சொல்லுறன்."

"திறந்தா மூடமாட்டம். பிறகு எங்களைப் பேசக்கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் கோப்பைக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீரும் கதையும்" என்றேன்.

"நீங்கள் கதைச்சாப் பிறகு நான் எழும்பினா, மனுசன் சொன்னது காணாதெண்டு ஆகிடும். சனம் என்ன நினைக்கும்?"

"காணாதுதான்" என்றேன்.

இத்தனை காலக் குடித்தனத்தில், என் பேச்சுப் போதாது என்று அவள் என் வாயிலிருந்து கேட்டதில்லை. கோப்பையைக் கீழே வைத்தாள்.

இடைவேளை முடிந்ததும் முதலில் எழுந்தது அவள்தான். அவளுடைய டேனிஷ் என்னுடையதைப் போல உரத்தது அல்ல. படுக்கையில் கிடக்கிறவர்களோடு பேசிப் பழகிய பாஷை. அந்தச் சபை உறுப்பினரைப் பார்த்தே சொன்னாள்: "நான் உங்கள் கொமூனில்தான் வேலை செய்கிறேன். உங்கள் முதியோர் இல்லத்தில் காலையில் திரைச்சீலையைத் திறந்துவிடுவது நான். இந்த ரயில் நிற்காவிட்டால் என்னால் வர முடியாது."

அடுத்து மன்னார்ப் பிள்ளை, "நானும் அங்கேதான், அடுத்த மாடி" என்றாள். பிறகு சலவைச்சாலைக்குப் போகிறவர், பேக்கரிக்குப் போகிறவர், ஓகூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போகிற மகளுக்காக எழுந்த தாய். கூட்டத்தை நடத்தியவள் புதிய தாள்கட்டு ஒன்றைப் பிரித்தாள்.

அந்தச் சபை உறுப்பினரைக் குறைசொல்ல மாட்டேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ரயிலைப் பற்றி இங்கே பேசுகிறோம். முதியோர் இல்லத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று வேறொரு அறையில் பேசுகிறோம்" என்றார். அவரே சிரித்தும் விட்டார். கூட்டம் கலைந்தபோது எங்களிடம் வந்து, "எல்லா ரயிலும் நிற்க வேண்டுமென்றால் மற்றக் கொமூன்கள் ஒத்துவரமாட்டார்கள். எந்த ரயில் இல்லாமல் உங்களால் முடியாது?" என்று கேட்டார்.

எல்லாம்தான் என்று சொல்ல நான் வாய் திறந்தேன். மனைவி என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"காலமையும் பின்னேரமும் காணும். மத்தியானம் ஆர் போறது? நீங்கள் காட்ஸ் விளையாடத்தானே?"

"அப்ப என்ர கூட்டாளிமார்?"

"அவையளுக்கு ஒண்டும் நடக்காது."

காலை, பின்னேரம் என்று அவரிடம் நானே சொன்னேன். பேரம் பேசத் தெரிந்தவனுக்கு விட்டுக்கொடுக்கவும் தெரியவேண்டும்.

கொமூன்கள் கூடிக் கூடிப் பேசி ஒருவழியாக ஒத்துவந்தன. மார்கழியில் வந்த புதிய அட்டவணையில் காலை ரயில்களும் பின்னேர ரயில்களும் எங்களுக்கு நிற்கின்றன. நடுப்பகலில் போகிறவை நிற்பதில்லை. அவை கடந்துபோகையில் வீட்டு அலமாரிக்குள் தேநீர்க் கோப்பைகள் கிணுகிணுக்கும். அது நான் கொடுத்த ரயில் என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன்.

இப்போது நான் காலையில் மனைவியோடு ஒன்றாக ஏறுகிறேன். ஏறியதும் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அவள் இறங்குமிடம் வரும்போது நான் தட்டி எழுப்புவேன். அங்கிருந்து விபோர்க் வரைக்கும் தனியாகப் போய், கூட்டாளி வீட்டு மணியை அடிப்பேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறப்பார். என் கூட்டாளிகள் இப்போது காலையில்தான் சீட்டாடுகிறார்கள். அந்த நேரத்தையும் மாற்றி வைத்தவன் நான்தான்.