கிண்ணத்தில் ஆறு எலுமிச்சம்பழம்

வீடு விற்காமல் ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஜொகூர் பாருவில் இருக்கும் எங்கள் ஒரே மகளுக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இருக்கும் ஈப்போ வீடு கைமாறினால்தான் அவள் பக்கத்தில் ஒரு சின்ன வீடு வாங்கிப் போக முடியும். குழந்தை பிறப்பதற்குள் நான் அங்கே இருந்தாக வேண்டும். அந்த நினைப்பு வந்துவிட்டால் ஓர் இடத்தில் உட்கார மாட்டேன். துடைத்த மேசையையே மறுபடி துடைப்பேன், கேட்டைத் திறந்து தெருவைப் பார்த்துவிட்டு வருவேன். என் வீட்டுக்காரரோ நாளிதழைப் பிரித்தால் மடிக்கவே மாட்டார். விற்கும்போது விற்கட்டும் என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏஜெண்ட் ஒரு சீனப் பெண். வருகிறவர்கள் எல்லாரும் அடுப்படியைப் பார்த்ததும் முகம் மாறித் திரும்பிவிடுகிறார்கள் என்று மலாயில் நயமாகச் சொன்னார். நயமாகச் சொன்னாலும் சுருக்கென்றது. பதினெட்டு வருஷம் சமைத்த இடம். அடுப்புக்குப் பின்னால் சுவரெல்லாம் மஞ்சள் கறை, கேபினட் கதவுகள் ஓரத்தில் உப்பிப் போயிருந்தன. புது கேபினட் போட எங்களுக்கு வசதியில்லை. அதெல்லாம் வேண்டாம், பார்வைக்கு இப்படி இருந்தால் போதும் என்று கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார். வெள்ளை அடுப்படி, மேடையில் ஒரு சாமான் இல்லை. ஒரு கிண்ணத்தில் மட்டும் மஞ்சள் எலுமிச்சம்பழங்கள்.

மறுநாளே இறங்கிவிட்டேன். எதை எடுத்தாலும் ரெண்டு வெள்ளி என்று விற்கும் கடையில் வெள்ளை ஒட்டுத்தாள் வாங்கி கேபினட் கதவுகளில் ஒட்டினேன். முதல் கதவு கொப்புளம் கொப்புளமாக நின்றது. பிய்த்தெறிந்துவிட்டு, பழைய பேங்க் அட்டையால் தேய்த்துத் தேய்த்து மறுபடி ஒட்டினேன். டைல்ஸ் இடுக்குகளைச் சோடா உப்பும் பழைய பிரஷும் போட்டுச் சுரண்டினேன். சுவருக்கு, முன்பு அறைக்கு அடித்து மீந்துபோன சாயத்தைப் பூசினேன். மிளகாய்த்தூள் டப்பா, மாவாட்டும் கிரைண்டர், கருவாட்டு டின் எல்லாம் காரின் பின்பக்கம் ஏறின. வாடை வரக்கூடாதென்று மூன்று நாள் தாளிக்கவே இல்லை. கடையில் வாங்கிய தேங்காய்ப்பால் சோற்றை, நாசி லெமாக்கைத்தான் தின்றோம். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சாயங்காலமானால் வந்து கதவுகளைத் தடவிப் பார்ப்பார், போய்விடுவார். கூடமாட உதவலாமே என்று எனக்கு எரிச்சல். கடைசியாக சூப்பர்மார்க்கெட்டில் ஆறு மஞ்சள் எலுமிச்சம்பழம் வாங்கிக் கிண்ணத்தில் வைத்தேன்.

சனிக்கிழமை காம்பாரிலிருந்து நம்மவர்கள், ஒரு தமிழ்க் குடும்பம், வீடு பார்க்க வந்தார்கள். இளம் கணவன் மனைவி, அவனுடைய அம்மா. அந்தப் பெண் மேடையைக் கையால் தடவிச் சிரித்தாள். பிரிட்ஜ் நிற்கும் இடத்தை அவன் அளந்தான். நான் மனசுக்குள் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன். துணி எங்கே காயப்போடுவது என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மா பின்கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். படியின் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக அறுத்த எலுமிச்சம்பழம், மேலே குங்குமம்.

"இந்த வூட்ல ஏதும் பிரச்சனையாம்மா?" என்றார் மெதுவாக.

முன்வாசலில் இருந்தால் திருஷ்டி கழித்தது என்று விட்டுவிடுவார்கள். பின்வாசலில் யாரும் பார்க்காத இடத்தில் இருந்தால் நம்மவர்கள் செய்வினை, ஆவி என்றுதான் நினைப்பார்கள். கலக்கி வைத்த மைலோவைக்கூடத் தொடாமல் கிளம்பிப் போனார்கள். ஒன்றும் புரியாத ஏஜெண்ட் என் முகத்தையே பார்த்தார். நான் கிண்ணத்திலிருந்த பழங்களை எண்ணினேன். ஐந்துதான் இருந்தது.

ஏஜெண்டும் போனதும் வீட்டுக்காரர்மேல் பாய்ந்தேன். இந்த வீடு விற்கவே கூடாதென்று எத்தனை நாளாகக் காத்திருந்தீர்கள், மகள் அங்கே தனியாகக் கிடக்கட்டுமா என்றெல்லாம் கத்தினேன். அவர் நாளிதழை மடித்து வைத்தார். காலையில் நான் குளிக்கும்போது பழத்தை வீட்டுக்குச் சுற்றி அறுத்தாராம். வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்றுதான் பின்பக்கம் வைத்தாராம்.

"நான் பொறந்த லைன் வீட்ல அடுப்படின்னா கரிச்சுவருதான். நமக்கு இப்படி ஒன்னு இருக்கும்னு நெனைக்கவே இல்லலா. இத்தன பேரு வந்து பாக்குறாங்க, கண்ணு பட்டுரும்னு பயந்துட்டேன்."

ஆயர் தாவார் பக்கம் அவர் பிறந்த கித்தாத் தோட்டத்தில் ரப்பர் மரங்கள் போய் இப்போது முழுக்க எண்ணெய்ச் செம்பனை. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகள் இருந்த இடமே தெரியாது. என் கோபம் அடங்கவில்லை, ஆனால் அதைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. முன்பின் தெரியாதவர்களுக்காக மூன்று நாள் முட்டி தேயச் சுரண்டியவள், பதினெட்டு வருஷத்தில் அவருக்காக ஒரு தாள் ஒட்டியதில்லை.

அன்று சாயங்காலம் காரிலிருந்து டப்பாக்களை இறக்கி நெத்திலிக் குழம்பு வைத்தேன். அவர் வழக்கம்போல டிவி முன்னால் போகாமல் அடுப்படியிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாப்பிட்டார். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு குழம்பு தெறித்தது. நான் எழுவதற்குள் தோள் துண்டால் துடைத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமையும் ஆள் வருவதாகச் செய்தி வந்தது. அன்று காலையில் கிண்ணத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்து, அவரை அடுப்படி நடுவில் நிற்க வைத்துத் தலையை மூன்று முறை சுற்றினேன். தெருமுனையில் எறிந்துவிட்டு வந்து கைகால் கழுவினேன், மீதி நாலையும் அடுக்கி வைத்தேன். மகள் காத்திருக்கிறாள், வீடு விற்றே ஆக வேண்டும். ஆனால் வெளியே ஹார்ன் சத்தம் கேட்டபோது, அந்த ஐந்து மாதத்தில் முதல்முறையாக, நான் கேட்டைத் திறக்க ஓடவில்லை.