கிராணியாரைத் திட்டாத கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதிப் பிழைத்தவர்களுக்குத் தெரியும், ஓடுகிற நிரலை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், நின்றுபோன நிரலுக்கு மட்டும் ஊரே மாடி ஏறி வரும்.

அப்படி ஊர் ஏறி வந்த என் மாடி மலேசியாவின் ஈப்போவில், ஒரு காப்பிக் கடைக்கு மேலே இருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. முதலாளி லியோங், தோட்டத்து மளிகைக் கடையில் வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார். ஒரு ரப்பர் கம்பெனிக்காக நான் ஒரு கருவி எழுதிக் கொடுத்திருந்தேன். தோட்டங்களில் விடியும் முன்னே ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அந்தப் பெரட்டுக்கான பட்டியலை அது தானாகத் தயாரிக்கும். அழை, அடுக்கு, அச்சடி என்று மூன்றே கட்டளைகள், மூன்றும் மலாயில். கீழே தேதியையும், ஆள் பெயரையும், அவர் பால் வெட்ட வேண்டிய மர வரிசையான நிரையையும் வரி வரியாகத் தட்ட வேண்டும். இதைவிட எளிதாக ஒன்றை யாரும் எழுத முடியாது என்று இருபத்துநாலு வயதில் நான் நினைத்தேன். உங்களில் பலரும் நினைத்திருப்பீர்கள்.

எழுந்து நின்றவர்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, சவரிமுத்து, புதன்தோறும் பஸ் பிடித்து எங்களிடம் பழக வந்தார். ஐம்பத்தொரு வயது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. கம்பெனி இரண்டு தோட்டங்களை ஒன்றாக்கப் போகிறது, இனி ஒரு பெரிய கிராணி போதும். பிப்ரவரி முடிவதற்குள் கம்ப்யூட்டரில் பட்டியல் போடத் தெரிந்தால் அவர் இருக்கலாம். தெரியாவிட்டால் ஓய்வு, கம்பெனி வீட்டையும் காலி செய்ய வேண்டும். மகளுக்கு அடுத்த வருடம் பள்ளி இறுதியான ஐந்தாம் படிவப் பரீட்சை.

முதல் நாள் நாலாவது வரியில் ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டார். கம்ப்யூட்டர் ‘பீப்’ என்று கத்திவிட்டு, ‘சிண்டாக்ஸ் எரர்’ என்று பச்சை எழுத்தில் காட்டியது. அவ்வளவுதான். எந்த வரி, என்ன தப்பு, ஒன்றும் சொல்லாது. அப்படி எழுதியவள் நான்தான். கிராணியார் நாற்காலியைத் தள்ளிவிட்டு விறைப்பாக எழுந்து நின்றார். என் அப்பா பால் வெட்டுத் தொழிலாளி. கிராணி எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்பார். அந்த மாதிரி ஒரு கிராணி, என் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். உட்காருங்கள் ஐயா என்றேன். அவர் உட்காரவில்லை.

“என்னா தப்புன்னு சொல்லிட்டு ஏசச் சொல்லும்மா, சும்மா ஏசினா நான் எதைத் திருத்துறது?”

முப்பத்தெட்டுப் பேர்

மூன்றாவது புதன், பிழை எதுவும் காட்டாமலே பட்டியல் அச்சாகி வந்தது. எனக்குப் பெருமை. கிராணியார் விரல் வைத்து மேலிருந்து கீழே எண்ணினார். முகம் மாறிவிட்டது. முப்பத்தெட்டு ஆட்களைக் காணோம்.

அரைமணி நேரம் என் நிரலைத் துழாவினேன், அதில் ஒன்றுமில்லை. பிறகு அவர் தட்டியதைப் பார்த்தேன். ஒரே நிரைக்குப் பத்துப் பேர் போனால், முதல் ஆளுக்கு மட்டும் நிரை எண்ணைப் போட்டுவிட்டு, அடுத்தவர்களுக்கு அதன் கீழே சின்னதாய் இரட்டைக் கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். ஆள் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்தில் முப்பது வருடமாக அப்படித்தான் எழுதுகிறார். மேலே உள்ளதே இங்கும் என்று அர்த்தம். என் கருவிக்கோ அது மேற்கோள் குறி. ஒரு குறிக்கும் அடுத்த குறிக்கும் நடுவில் இருந்த ஆட்களையெல்லாம் ஒரே சொல்லாக எண்ணி விழுங்கியிருக்கிறது.

இப்படிப் போடக்கூடாது ஐயா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. என்னிடம் ஒரு டிஸ்க்கில் சில்லறை வேலைகளுக்கான குட்டி நிரல்கள் இருந்தன. பெயருக்குப் பின்னால் ஒட்டிய வெற்றிடத்தை வெட்டுவது, தேதியைச் சரிபார்ப்பது, இப்படி. அதில் இன்னொன்றைச் சேர்த்தேன்: தனியாக இரட்டைக் கோடு வந்தால் மேல் வரியைப் பார்த்து நிரப்பிக்கொள். முப்பத்தெட்டுப் பேரும் திரும்பி வந்தார்கள். கிராணியார் ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்துவிட்டுத்தான் சிரித்தார்.

“மெஷினுக்கே கிராணி வேலை பழக்கிட்டியேம்மா!”

நாற்பது எழுத்து

அதற்குப் பிறகு எனக்கு வெறி பிடித்துவிட்டது. பிழைச் செய்திகளை எல்லாம் அழித்துவிட்டுத் தமிழில் எழுதினேன். தமிழ் எழுத்து அந்தத் திரையில் வராது, ஆகவே ஆங்கில எழுத்தில் தமிழ். வரி எண் வேண்டும், என்ன விட்டுப்போனது என்பது வேண்டும், என்ன செய்யலாம் என்பதும் வேண்டும். நினைவகம் குறைவு என்பதால் ஒரு செய்திக்கு நாற்பது எழுத்துக்கு மேல் கூடாது என்பது லியோங்கின் கட்டளை.

‘ஐயா, வரி 4: பேருக்குப் பின் கமா போடுங்க.’ இதுபோல முப்பது செய்திகள். லியோங் பென்சிலோடு உட்கார்ந்து எழுத்துகளை எண்ணினார். ஒவ்வொன்றிலும் ‘ஐயா’வுக்கும் காற்புள்ளிக்கும் ஐந்து எழுத்து வீண் என்றார், வெட்டச் சொன்னார். மாட்டேன் என்றேன். முதலாளியை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

“அஞ்சு எழுத்துதானே, வெச்சுக்கோ லா. எங்க கடைக்கு வர்ற கிராணிய என் அப்பா கூட ஐயான்னுதான் கூப்பிடுவாரு.”

நன்றி என்றொரு கட்டளை

புதுச் செய்திகளோடு கிராணியாருக்கு வேலை சூடு பிடித்தது. பீப் கேட்டால் இப்போது எழுந்திருப்பதில்லை, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசிப்பார், திருத்துவார். ஒருநாள் திருத்திய கையோடு அடுத்த வரியில் ‘நன்றி அம்மா’ என்று தட்டிவிட்டார். கருவியா விடும்? ‘ஐயா, வரி 9: இந்தச் சொல் தெரியலை’ என்றது. மறுபடி நன்றி தட்டினார். மறுபடி தெரியலை என்றது.

பக்கத்து அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நன்றி என்று தொடங்கும் வரியைக் கேட்டுக்கொண்டு சும்மா இரு என்று மூன்று வரியில் ஒரு குட்டி நிரல் எழுதிச் சேர்த்தேன். அடுத்த புதன் அவர் தட்டினார், கருவி மறுபேச்சுப் பேசவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பாத்தியாம்மா, பழகப் பழக அதுக்கும் வெக்கம் போயிருச்சு.”

துரை வந்த அன்று

பிப்ரவரியின் நாலாவது வாரம். தோட்டத்து மேனேஜரே சோதிக்க வந்துவிட்டார். வெள்ளைக்காரர் போய்ப் பல வருடம் ஆகியும் மேனேஜர் என்றால் துரைதான். இந்தத் துரை மலாய்க்காரர், குறைவாகப் பேசுபவர். அடுத்த வாரத்துப் பட்டியலைத் தன் கண் முன்னே போடச் சொல்லிவிட்டு, கிராணியாரின் தோளுக்குப் பின்னால் நின்றார்.

கிராணியார் நிதானமாகத் தட்டினார். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. பீப். ‘ஐயா, வரி 31: இந்தத் தேதி கிடையாது.’

அந்த வருடம் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள். தேதி பார்க்கும் குட்டி நிரலில் இருபத்தெட்டு என்று எழுதி வைத்துவிட்டு, மேலே யோசிக்காமல் போனவள் நான். சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். ஆனால் கிராணியார் நாற்காலியில் அசையவில்லை. செய்தியை வாசித்தார். சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். மறுபடி வாசித்தார். வெறும் ‘எரர்’ என்று வந்திருந்தால் தன் தப்பு என்றே எடுத்துக்கொண்டு எழுந்து நின்றிருப்பார். இது இன்னதென்று சொல்லியதால், அது பொய் என்று அவரால் கண்டுபிடிக்க முடிந்தது.

திரையைப் பார்த்து மெல்ல, “இருக்கும்மா, இந்த வருசம் இருக்கு” என்றார். பிறகு துரையிடம் மலாயில், இயந்திரம் ஒரு நாளை விட்டுவிட்டது, அந்த நாளும் ஆட்கள் பெரட்டுக்கு வருவார்கள் என்று சொல்லி, பேனாவை எடுத்து அந்த ஒரு நாள் பட்டியலை மட்டும் கையால் எழுதினார். மீதியை அச்சடித்தார். யார் எழுதிய நிரல் என்று துரை கேட்டார். கிராணியார் என் பக்கம் திரும்பவே இல்லை. மெஷின் இன்னும் சின்னப் பிள்ளை சார், கத்துக்கும் என்றார். துரை இரண்டு தாள்களையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார், அப்புறம் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ‘ஐயா’ என்பதற்கு மலாயில் சொல்லும் ‘என்சே’ போட்டுக் கூப்பிட்டார்.

“அப்படின்னா நீங்க இருந்துதான் ஆகணும், என்சே சவரிமுத்து. இது தப்புப் பண்ணும்போது பார்க்க ஆள் வேணும்.”

துரை இறங்கிப் போன பிறகு நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. அவர் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, மகளிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று படியிறங்கினார்.

தப்பை மரியாதையாகச் சொல்ல ஒரு கருவிக்குப் பழக்கிவிட்டேன் என்று மூன்று மாதமாக நான் பெருமையடித்துக்கொண்டிருக்க, என் தப்பை அதைவிட மரியாதையாக, ‘இருக்கும்மா, இந்த வருசம் இருக்கு’ என்று நாற்பது எழுத்துக்கும் குறைவாகச் சொல்லிவிட்டுப் போனார் அந்த மனிதர்.