ரீலில் காய்ந்த சந்தனம்

என் மனைவி பொன்செல்வி பொய் சொல்லமாட்டாள். சொன்ன சொல்லையும் மாற்றமாட்டாள். இருபத்தேழு வருஷம் இந்த இரண்டு குணங்களோடும் குடித்தனம் நடத்தியவன் என்கிற முறையில் சொல்கிறேன், ஒரு வீட்டுக்கு இதில் ஒன்றே தாராளம்.

நாங்கள் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் தங்கிவிட்ட சைவக் குடும்பம். எனக்கு ஆரியசாலையில் நூல், ஜரிகை, பட்டன் மொத்தக் கடை. அவளுக்கு அரசாங்க உத்தியோகம். ஏழு வருஷத்துக்கு முன்னால் விழிஞ்ஞம் பக்கத்து ஆபீசுக்கு மாற்றல் வந்தது. மத்தியானம் தயிர்சாதத்தை முடித்துவிட்டு, பாறைமேல் நின்று தூண்டில் போடுகிறவர்களை வேடிக்கை பார்க்கப் போவாள். ஆறு மாதத்தில் தானும் ஒரு தூண்டில் ராடு வாங்கிவிட்டாள். மீன் வாசமே ஆகாத வீட்டில் மீன் பிடிக்கிற பெண். கேட்டால், "திங்கவா போறேன்? பிடிச்சுத் திரும்ப விடத்தானே" என்பாள். பிடித்தால்தானே விடுவதற்கு?

அவளுக்குப் பிடித்துப்போனதோ எல்லாவற்றிலும் கஷ்டமான ஃப்ளை ராடு. இதில் இரை கிடையாது. இறகையும் நூலையும் சுற்றி மீன்குஞ்சு மாதிரி ஒன்றைக் கொக்கியில் கட்டவேண்டும். கனமான தூண்டில் நூலைத் தலைக்குமேல் முன்னும் பின்னும் வீசி, அந்தப் பொய்க்குஞ்சைத் தண்ணீரில் மெதுவாக இறக்கவேண்டும். என் கடை வெள்ளி ஜரிகையில் பாதி இப்படித்தான் கடலுக்குள் போயிற்று. மூன்று வருஷம் வீசினாள். ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை. ஆனால் வீசிவிட்டு வருகிற நாளில் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும், கல்யாணத்துக்குப் போய்வந்தவள் மாதிரி இருப்பாள்.

மூன்றாம் வருஷக் கடைசியில் பாறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் கட்டு. நான்தான் தலைவாரி விட்டேன். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். "பழவங்காடிப் பிள்ளையார் மேல சத்தியம் பண்ணு, இனி தூண்டிலைத் தொடமாட்டேன்னு" என்று ஆஸ்பத்திரியிலேயே குதித்தேன்.

அவள் நிதானமாகச் சொன்னாள். "கிரீஷ் துபாயிலேருந்து ஒரு புது ராடு அனுப்புகான். கனமே இல்லாதது. அதை வச்சு ஒரே ஒரு நாள், படகுல போறேன், பாறையில ஏறல்ல. அன்னைக்கும் மீன் கிடைக்கல்லன்னா, பிள்ளையார் மேல ஆணை, பிறகு தொடமாட்டேன். கிடைச்சா நீங்க வாயே திறக்கப்பிடாது."

கிரீஷ் அவள் தம்பி. ராடு வந்தது, கை தேறியது, தை மாதம் கடலும் அடங்கியது. ஞாயிற்றுக்கிழமை போவதாக முடிவாயிற்று.

எங்கள் வீட்டில் ஸ்கூட்டர் வாங்கினாலும் சரி, கடைக்குத் தராசு வாங்கினாலும் சரி, பழவங்காடியில் ஒரு தேங்காய் உடைத்து, சாமானுக்குச் சந்தனம் வைத்துத்தான் எடுப்போம். ராடு வந்த அன்றே பொன்செல்வி சொல்லிவிட்டாள், "இதுக்குப் பூஜை ஒண்ணும் வேண்டாம் அத்தான், இது நுட்பமான சாமான்." எனக்கு மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பையைக் காரில் வைக்கிறேன் என்று எடுத்து, நேரே கோயிலுக்குப் போனேன். பூஜை செய்கிற போற்றி ராடில் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தார். நடுக்கடலுக்கு ஒரு பொட்டு எப்படிப் போதும்? இலையில் இருந்த மிச்சச் சந்தனத்தையும் வழித்து, நூல் சுற்றியிருக்கும் ரீலைச் சுற்றித் தாராளமாக அப்பினேன். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அது இறங்கிவிட்டது. வீட்டுக்கு வருமுன் வெளியே தெரிந்ததை மட்டும் வேட்டி நுனியால் துடைத்தேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் படகுக்காரர் சற்குணம் எங்களை ஏற்றிக்கொண்டார். பூவார் பக்கத்துக்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். ஏறும்போதே கறாராகச் சொன்னார். "ஒம்பதரைக்குச் சபையில ஆராதனை உண்டு. ஒம்பது மணிக்கு வலிச்சு கரைக்கு விட்டிருவேன், கேட்டியளா சேச்சி?"

"ஒம்பது மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் நான் கேக்கமாட்டேன்" என்றாள் பொன்செல்வி.

எனக்கு நீச்சல் தெரியாது. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். துறைமுகத்துக் கிரேன்கள் சின்னதாகத் தெரிகிற தூரத்தில் சற்குணம் எஞ்சினை நிறுத்தினார். பொன்செல்வி ராடைப் பூட்டி, வீசுவதற்கு ரீலிலிருந்து நூலை இழுத்தாள். நூல் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். கரகரவென்று ஒரு சத்தத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

"புதுசுல்லா, இறுக்கமா இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

எனக்கு மட்டும்தான் காரணம் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் திருட்டுத்தனமாகக் கோயிலுக்குப் போனது வெளிவரும். விழுங்கிவிட்டேன்.

அவள் வீச ஆரம்பித்தாள். கொக்கி என் காதோரம் போய்ப் போய் வந்தது. ஏழு மணி, ஏழரை, எட்டு. நூல் போகும், வரும். மணிக்கட்டு வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது, ஒவ்வொரு வீச்சுக்கும் உதட்டைக் கடித்தாள். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று பொய் சொல்ல அவளுக்கு வராது. அதனால் நான் கேட்கவில்லை.

எட்டு இருபதுக்குச் சற்குணம் எழுந்து நின்றார். "சேச்சி, அந்தா ஆலா விழுது! சாளைக் கூட்டத்தைப் பாரை மீன் அடிக்குது!"

ஒரு கல் எறிகிற தூரத்தில் பறவைகள் தண்ணீரில் விழுந்து விழுந்து எழுந்தன. சற்குணம் துடுப்பால் படகை மெல்ல ஒதுக்கினார். பொன்செல்வி ஒரே வீச்சில் பறவைகளுக்கு அடியில் கொக்கியை இறக்கி, இடது கையால் நூலைப் பிடித்துப் பிடித்து இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் தண்ணீர் வெடித்தது.

"பிடிச்சிட்டு!" என்று கத்தினாள். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

மீன் நேரே கீழே ஓடியது. அவள் காலடியில் சுருண்டு கிடந்த நூல் விரல்களுக்கு நடுவே விர்ரென்று பறந்தது. இருபது முழம், பத்து முழம். காலடி நூல் தீர்ந்தால் மீனுக்கு ரீல்தான் நூல் விடவேண்டும். "கையால இழுத்து விடு, ரீல் சுத்தாது" என்று ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. நான் பலகையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

காலடி நூல் தீர்ந்தது. ரீல் அரைச்சுற்று சுற்றி, கறுக்கென்று நின்றது. ராடு வளைந்து நுனி தண்ணீருக்குள் போயிற்று.

"நூல விடுங்க சேச்சி, விடுங்க!" என்று சற்குணம் அலறினார். எஞ்சினைத் தட்டி மீன் போகிற பக்கமே படகைத் திருப்பப் பார்த்தார். அதற்குள் டப்பென்று ஒரு சத்தம். நூல் அறுந்து ராடு நிமிர்ந்து நின்றது.

பொன்செல்வி மெதுவாக உட்கார்ந்தாள். வலது மணிக்கட்டை இடது கையால் பொத்திக்கொண்டாள். "கை விட்டுட்டு அத்தான். இந்தக் கைக்கு இனி ஏலாது. நீங்க சொன்னதுதான் சரி."

நான் விரும்பிய வார்த்தை அதுதான். ஒரு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. ஆனால் அவள் அந்தக் கையைப் பார்த்த பார்வையை என்னால் தாங்கமுடியவில்லை.

"கையில ஒண்ணும் இல்ல" என்றேன். "ரீல்ல சந்தனம் காஞ்சு கிடக்கு. நேத்து பழவங்காடிக்குக் கொண்டுபோய் நான்தான் அப்பினேன்."

சற்குணம் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார். பொன்செல்வி பார்க்கவில்லை. சின்னப் பிடியைத் திருகி ரீலைக் கழற்றினாள். இடுக்கிலிருந்து மஞ்சள் கட்டி பொலபொலவென்று உதிர்ந்தது.

"என்ன வேண்டிக்கிட்டிய?"

"நீ பத்திரமா வரணும்னு."

"அவ்வளவுதானா?"

அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "மீன் கிடைக்கப்பிடாதுன்னும் வேண்டிக்கிட்டேன்" என்றேன்.

காப்பி ஆறிப்போனால் அரைமணிநேரம் ஏசுகிறவள், ரீலை நிதானமாகக் கடல்தண்ணீரில் அலசினாள். எனக்குக் கடலைவிட அது பயமாக இருந்தது. ரீலைத் திரும்ப மாட்டினாள். புதுக் கொக்கி கட்டினாள். மணி எட்டு நாற்பத்தைந்து.

அந்தக் கால்மணிநேரமும் நான் மாற்றி வேண்டினேன். பிள்ளையாரே, நேற்றுச் சொன்னதை விட்டுவிடு, ஒரே ஒரு மீன், சாளைக்குஞ்சாக இருந்தாலும் போதும். பறவைகள் கலைந்து தெற்கே போய்விட்டன. அவள் வீசினாள், வீசினாள். ரீல் இப்போது வெண்ணெயாகச் சுற்றியது. ஒன்றும் கடிக்கவில்லை.

ஒன்பது மணிக்கு அவளே நூலைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"சேச்சி, ஒரு அரைமணிக்கூர் கூட நில்லுங்க" என்றார் சற்குணம். "ஒருநாள் ஆராதனைக்குப் பிந்திப்போனா கர்த்தர் கோவிக்கமாட்டாரு. அந்தப் பறவைக்குப் பின்னால விடுகேன்."

"வேண்டாம் அண்ணா. சொன்ன நேரம் ஆயாச்சு."

"பொன்செல்வி, சத்தியம் வாங்கினது நான்தானே? நானே வேண்டாம்னு சொல்லுகேன்" என்று கெஞ்சினேன்.

"வாங்கினது நீங்க. பண்ணினது நானுல்லா?" ராடை நான்கு துண்டாகக் கழற்றித் துடைத்து உறையில் போட்டாள்.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறாள். பேப்பர் படிக்கிறாள், எனக்குக் காப்பி போட்டுத் தருகிறாள். அந்தக் கல்யாண முகத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. போன வாரம் பொறுக்கமுடியாமல் மறுபடி கேட்டேன், "சற்குணத்துக்குப் போன் பண்ணட்டா? ஒரே ஒரு தடவை போய்ட்டு வருவோமா?"

டம்ளரை என் முன்னால் வைத்தாள். "எதுக்கு அத்தான்? நீங்க ரெண்டு கேட்டிய, பிள்ளையார் ரெண்டையும் தந்தாருல்லா. நான் பத்திரமா இருக்கேன்."

கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு, பேப்பரை எடுத்து விரித்தாள்.