அழுதால் அவளுக்கு ஒன்றுமில்லை

ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனி ஒன்றில் நான் வேலைக்குச் சேரப் போனபோது, ஹெச்.ஆர். அதிகாரி என் தோளையும் உயரத்தையும் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "கபடி ஆடுவியாம்மா?" என்பதுதான். படிப்பைப் பற்றி அப்புறம் கேட்டார். அதைச் சொன்னபோது அவர் அவ்வளவு கவனமாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளுக்குள் வருஷா வருஷம் கபடிப் போட்டி நடக்கும். கோப்பையை வாங்கி வந்து வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதில் பெரிய அதிகாரிகளுக்கு ஒரு சந்தோஷம். ஆட்டத்தன்று லைனில் நிற்க வேண்டாம் என்பதில் எங்களுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம். நான் கார்னர், அதாவது ஓரத்தில் நிற்கிற ஆள். எதிரணிக்காரி 'கபடி கபடி' என்று பாடி வந்தால் கணுக்காலைப் பிடிக்க வேண்டியது. பிடித்தால் விடமாட்டேன். எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான்.

எங்கள் அணிக்குப் பாடிப் போகிறவள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். என்னைவிட இளையவள், ஒல்லி, கண்கள் மட்டும் பெரியவை. அவள் ஆட்டத்தில் பாதிதான் கால். மீதி முகம்.

அவள் செய்வது இதுதான். பாடிப் போவாள். யாரையும் தொட்டிருக்க மாட்டாள். நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்ததும் எதிரணியில் பாவமாக நிற்கும் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, ரொம்ப வருத்தத்தோடு பார்ப்பாள். 'தொட்டுட்டேன்க்கா, மன்னிச்சிருங்க' என்று அந்தப் பார்வை சொல்லும். அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்துவிடும். தன் பாவாடையில், ச்சே, தன் பேண்டில் விரல் பட்டதோ என்று குனிந்து பார்ப்பாள். அதற்குள் இவள் கண் கலங்கிவிடும். அவ்வளவுதான், அந்தப் பெண் தானாகவே வெளியே நடந்துவிடுவாள். நடுவர் அதைப் பார்த்து எங்களுக்குப் புள்ளி கொடுப்பார்.

பென்னலூர்க் கம்பெனி அணியோடு ஆடியபோது, இப்படி வெளியே போன ஒரு பெண் இவளைத் தேடி வந்து, "பரவால்லம்மா, நீ மனசு கஷ்டப்படாத" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

"உனக்குக் கொஞ்சமாச்சும் வெக்கம் கீதாடி?" என்று கேட்டேன்.

"நான் என்னக்கா செஞ்சேன்? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னனா?" என்றாள்.

இன்னொரு வித்தையும் வைத்திருந்தாள். நாங்கள் மூச்சு வாங்க ஆரம்பித்தால் ஆடுகளத்தின் நடுவில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு விழுவாள். "யம்மோவ்!" என்று அவள் போடும் சத்தத்தில் ரோட்டில் போகிற கன்டெய்னர் லாரி பிரேக் போடும். நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார். நாங்கள் ஓடிப்போய்ச் சுற்றி நின்று தண்ணீர் குடித்து, மூச்சைச் சரி செய்து, அடுத்து என்ன செய்யலாம் என்றும் பேசி முடித்துவிடுவோம். அவள் தலை என் மடியில் இருக்கும். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். உதடு அசையாமல் கேட்பாள்: "யக்கா, போதுமா? இல்ல இன்னும் கொஞ்சம் அழணுமா?"

அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் விழுந்தபோது யாரும் அவசரப்படவில்லை. இரண்டு பேர் அவளை இடுப்பில் பிடித்து இழுக்க, அவள் திரும்பினாள், விழுந்தாள். எங்கள் பெண்கள் சாவகாசமாகத் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நடுவர்கூட இடுப்பில் கை வைத்துக்கொண்டு, 'ஆரம்பிச்சாச்சா' என்பதுபோல் நின்றார். எனக்குத்தான் ஏதோ சரியில்லை என்று பட்டது. ஏனென்றால் சத்தமே வரவில்லை. எதற்கெடுத்தாலும் ஊரைக் கூட்டுகிறவள் ஒன்றும் சொல்லாமல் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தாள். முகம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. நான் போய் அவள் கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

"யக்கா, இடது முட்டி" என்றாள். நான் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஸ்ரீபெரும்புதூரில் பார்த்த டாக்டர், இனி கபடியை மறந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கும் அவள் அழவில்லை. ஆட்டோவில் திரும்பி வரும்போது ஒரகடம் பாலத்துக்கு அடியில் சிக்னலில் நின்றோம். "நான் வயர் கட்டத்தானா ஊர்லருந்து வந்தேன்?" என்று யாரையோ கேட்பது மாதிரி கேட்டாள். அவள் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

கம்பெனியில் அவளை நின்று செய்யும் வேலையிலிருந்து எடுத்து உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போட்டார்கள். அந்த நேரம் பாதுகாப்பு வாரம் வந்தது. மெஷினில் முடி சிக்கினால் என்ன ஆகும் என்று தொழிலாளர்களுக்குக் காட்ட ஒரு சின்ன வீடியோ எடுக்க வேண்டும். யாருக்கு அதிக வேலை இல்லையோ அவரை அனுப்பச் சொன்னார்கள். இவள் போனாள்.

மெஷினை ஓட்டவில்லை. முடியையும் அதன் பக்கத்தில் கொண்டு போகவில்லை. கேமராக்காரர் கையைத் தூக்கிச் சைகை காட்ட, இவள் கத்தினாள். வீடியோ எடுக்கிற விஷயம் தெரியாத பக்கத்து லைன் சூப்பர்வைசர் சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டார். அடுத்தடுத்த லைன்களிலும் அமுக்கினார்கள். மொத்த ஷெட்டும் நின்றது. முதலுதவி ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். கேன்டீனில் சாம்பார் கரண்டியோடு நின்ற அண்ணன் கரண்டியோடேயே வந்துவிட்டார். பிளான்ட் மேனேஜர் முகம் வெளுத்து வந்து நின்றபோது, இவள் மெஷினுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "சார், சரியா வந்துச்சா? இல்ல இன்னொரு தடவ கத்தணுமா?" என்றாள்.

அவருக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. "வேணாம்மா" என்று மட்டும் சொன்னார்.

கேமராக்காரர் பூந்தமல்லி ஆள். கம்பெனி வீடியோ எடுப்பது அவருக்குச் சில்லறை வேலைதான். மற்ற நாளில் டி.வி. சீரியலுக்குப் போகிறவர். அவர் அந்தக் கத்தலைத் தன் டைரக்டருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். டைரக்டர் ஆளைக் கூட்டி வரச் சொல்லிவிட்டார்.

கேன்டீனில் எதிரே உட்கார்ந்து இதைச் சொன்னபோது அவள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

"போறியா?" என்றேன்.

"கபடிதான் இல்லன்னு ஆயிட்டு. இது என்னன்னு பாத்துட்டு வாரேன்க்கா. ஒத்து வரலன்னா வயரு எங்க போயிரும்?"

"அங்க எதிர்ல யாரும் கால் பிடிக்க மாட்டாங்கடி. தனியா நிக்கணும்."

"அதான் பயமா இருக்கு" என்றாள். அது நடிப்பில்லை.

முதல் சீரியலில் அவள் மூத்த மருமகள். தினமும் அழ வேண்டும். எங்கள் வீட்டில் என் மாமியார் டி.வி. முன்னால் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து அழுவார். நான் பின்னால் நின்று சிரிப்பேன். பென்னலூர்ப் பெண்ணை வெளியே அனுப்பிய அதே முகம். உதட்டின் இடது ஓரம் நடுங்குவது, கண் கலங்குவதற்கு முன்னால் ஒரு தடவை எச்சில் விழுங்குவது, எல்லாம் எனக்கு மனப்பாடம்.

"அந்தப் பொண்ணு சோறு தண்ணி இல்லாம கெடக்குது, நீ பல்லைக் காட்டிக்கினு நிக்கிற. உனுக்கு நெஞ்சுல இன்னா கல்லா கீது?" என்று மாமியார் என்னைத் திட்டாத நாளில்லை.

அடுத்த சீரியலில் அவளை வில்லியாகப் போட்டார்கள். அதுதான் அவளைத் தூக்கி விட்டது. பாலில் எதையோ கலந்துவிட்டு, குடித்தவர் விழுந்ததும் எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் அழுகிற பாத்திரம். தமிழ்நாடே அவளைத் திட்டியது. அந்தச் சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாள். பழம், ஸ்வீட் எல்லாம் வாங்கி வந்திருந்தாள். மாமியார் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவள அடுப்பாண்ட மட்டும் வுடாத" என்றார். இதை நான் அவளிடம் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள், திரும்பி என் மாமியாரைப் பார்த்து ஒரு தடவை எச்சில் விழுங்கினாள். உதட்டோரம் நடுங்கியது. பத்து நிமிஷத்தில் மாமியார் அவளுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு சினிமா வந்தது. கபடி ஆடுகிற ஒரு பெண்ணின் கதை, அவள்தான் அந்தப் பெண். எதிரணிக்கு நிஜமாக ஆடத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று சொல்லி எங்கள் பழைய அணியையே வரவழைத்தாள். செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் செட் போட்டிருந்தார்கள். காலையில் வேன் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனது. மேக்கப் போடுகிறோம் என்று கூட்டிப்போய் முகத்தில் புழுதியைப் பூசி விட்டார்கள்.

உதவி டைரக்டர் ஒரு தம்பி காட்சியை விளக்கினார்: "மேடம் பாடி வருவாங்க. நீங்க ஏழு பேரும் பிடிப்பீங்க. மேடம் ஏழு பேரையும் இழுத்துக்கிட்டே போய்க் கோட்டைத் தொடுவாங்க."

நான் எங்கள் ஆட்களைப் பார்த்தேன். ஒவ்வொருத்தியும் ஒரு சிலிண்டர் கனம். "ஏழு பேரையுமா? தம்பி, நான் ஒருத்தி பிடிச்சாலே அவ தாண்ட மாட்டாளே" என்றேன்.

"சும்மா பிடிச்ச மாதிரி பிடிங்கக்கா" என்றார்.

சொல்வது சுலபம். அவள் பாடி வந்தாள். வலது கால் எனக்கு நேராக வந்தது. கை தானாகப் போய்ப் பிடித்துக்கொண்டது. அவள் தொப்பென்று விழுந்தாள். டைரக்டர் கட் சொன்னார். மறுபடி வந்தாள், மறுபடி பிடித்தேன். எத்தனை முறை எடுத்தாலும் அதேதான். இடது முட்டி பக்கம் மட்டும் போகக் கூடாது என்பது என் கைக்கு நன்றாக நினைவிருந்தது. விட வேண்டும் என்பதுதான் ஏறவில்லை.

"யாருய்யா அந்த ஓரத்துல நிக்கிற அம்மா?" என்று மைக்கில் கத்தினார் டைரக்டர்.

"யக்கா, கதைப்படி நான் ஜெயிக்கணும்க்கா" என்றாள் அவள் தரையில் கிடந்தபடி.

"எனுக்குத் தெரியாதாடி? கை கேக்க மாட்டேங்குது."

வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. எங்களுக்குக் காலையில் கொடுத்த டீயும் பன்னும் எந்த மூலைக்கு? சாப்பாட்டு வண்டி வந்து ஓரமாக நிற்பது தெரிந்தது. ஆனால் இந்த ஷாட் முடியாமல் யாருக்கும் சாப்பாடு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் அணியில் ஒருத்திக்கு நிற்க முடியாமல் கால் ஆட ஆரம்பித்தது. எங்கள் கதாநாயகி அதைப் பார்த்தாள்.

அடுத்த முறை பாடி வந்தவள், நான் தொடுவதற்கு முன்பே சுருண்டு விழுந்தாள். "யம்மோவ்! முட்டி! என் முட்டி!" என்று கேட்டது. செட்டே கதிகலங்கிவிட்டது. புரொடியூசர் குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஐஸ் கொண்டு வாங்க, காரை எடுங்க என்று ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள். நானும் ஓடினேன். ஆனால் பாதி வழியிலேயே என் ஓட்டம் நடையாகிவிட்டது. சத்தம் அவ்வளவு நன்றாக இருந்தது. அழுகிறாள் என்றால் அவளுக்கு ஒன்றுமில்லை.

தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணீர் வழிந்தது. உதடு அசையாமல் சொன்னாள்: "யக்கா, பிரியாணி மட்டனா சிக்கனான்னு பாரு."

என்னால் அடக்க முடியவில்லை. முந்தானை இருந்தாலாவது வாயை மூடியிருக்கலாம், போட்டிருந்தது டி-ஷர்ட். அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினேன். புரொடியூசர் என் முதுகைத் தட்டி, "அழாதீங்கம்மா, உங்க தப்பு இல்ல" என்றார். டைரக்டர் சாப்பாட்டு இடைவேளை விட்டார். மட்டன்தான்.

சாப்பிட்டு வந்ததும் சண்டை மாஸ்டர் ஒரு வழி சொன்னார். அந்த அம்மா விடவே மாட்டேன் என்கிறாரே, அதையே காட்சியாக வைத்துவிடலாம். முதல் பாதியில் கதாநாயகி அவரிடம் மாட்டித் தோற்கட்டும், இரண்டாம் பாதியில் ஜெயிக்கட்டும் என்றார். டைரக்டருக்குப் பிடித்துப்போனது. என்னைக் குளோசப்பில் முறைக்கச் சொன்னார்கள். முறைத்தேன். எதிரே கேமராவுக்குப் பின்னால் அவள் நின்று, மாமியார் தோசை ஊற்றிய அன்றைக்குப் பார்த்த மாதிரியே என்னைப் பார்த்துத் தொலைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் டைரக்டர் கும்பிடு போட்டு என்னை அனுப்பி வைத்தார்.

படம் வந்ததும் குடும்பத்தோடு தியேட்டருக்குப் போனோம். அந்தக் காட்சி வந்தது. அவள் கணுக்காலை ஒரு கை பிடித்திருந்தது, திரை முழுக்கக் கை. அடுத்த நொடி வேறு காட்சி போய்விட்டது.

"அது நான்தான்!" என்று கத்தினேன்.

"எது?" என்றார் மாமியார்.

"அந்தக் கை!"

"இந்தக் கைக்காடி ஷூட்டிங்குன்னு வேலைக்கே போவாம இருந்த?" என்றார். முன் சீட்டுக்காரர் திரும்பி என் கையைப் பார்த்தார். நான் அதைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன்.

படம் ஓடியது. இப்போது அவளுக்கு ஓய்வே இல்லை. எங்கள் போட்டிகளுக்குச் சினிமாக் கம்பெனி ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். கைப்பந்து ஆடுகிற ஒரு பெண் கதாநாயகனுக்குத் தங்கையாகிவிட்டாள். பக்கத்துக் கம்பெனிப் பளு தூக்கும் பையன் காமெடியில் நன்றாக வருகிறானாம். ஆடுகளத்தில் பிள்ளைகள் இப்போது காரணமே இல்லாமல் விழுகிறார்கள், அதுவும் செல்போன் இருக்கிற பக்கமாகப் பார்த்து.

போன வாரம் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது அவளிடமிருந்து போன் வந்தது. குரலில் சுரத்தே இல்லை.

"யக்கா, அம்மா வேஷம் குடுத்துருக்காவ. மகனா நடிக்கிறவருக்கு என்னையவிட வயசு கூட."

"அவரை அடிக்கிற சீன் இருக்குதா?"

"ரெண்டு எடத்துல அறையணும்."

"அப்போ இன்னாத்துக்குடி அழுவுற? ஒத்துக்கோ" என்றேன்.

பஸ் வடக்குப்பட்டு நிறுத்தத்தில் நின்றது. போனைக் காதில் வைத்துக்கொண்டே இறங்கினேன். அந்தப் பக்கம் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எப்படி அறைந்தால் சத்தம் பெரிதாக வரும் என்று அதற்குள் யாரிடமோ கேட்க ஆரம்பித்துவிட்டாள்.