காய்ந்த பிறகு இறங்கும் நிறம்

எங்கள் யார்டில் டீ கொடுக்கும் தங்கச்சி என்னிடம் படம் கேட்டபோது, அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் மூன்று மாதம் ஆகியிருந்தது. வள்ளத்தில் போன மூன்று பேரில் இருவர் வந்துவிட்டார்கள். அவர் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. செல்போனில் இருக்கும் போட்டோவைப் பார்த்து முகத்தை வரையச் சொல்வாள் என்று நினைத்தேன். எனக்கு முகம் வராது. அதை எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

"மூஞ்சி வேண்டாம் அண்ணாச்சி," என்றாள். "அன்னைக்குக் காலைல இருந்த வானம் வேணும்."

நான் கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடுகிறவன். ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம், குடியிருப்பது முத்தையாபுரம். அக்ரிலிக் சாயத்தில் வரைய எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. யூடியூப்பும் வீணாய்ப்போன கேன்வாஸ்களும்தான் வாத்தியார். ஆளும் மாடும் கைக்கு வராததால் வெளிச்சத்தையும் மூட்டத்தையும் பிடித்துக்கொண்டேன். பனிக்குள் நிற்கும் கப்பல் ஒன்றை வரைந்து யார்டு ஆபீசில் மாட்டியிருந்தேன். அதைப் பார்த்த ஒரு லாரி டிரைவர், "என்ன அண்ணாச்சி, போன வாரம் கப்பல வரைஞ்சிய, இந்த வாரம் துடைச்சிட்டியளா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். இப்படி யார் எதைச் சொன்னாலும் கேட் பாஸ் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம். அதில் பாதி இந்தத் தங்கச்சி சொன்னவை. அவள் போடும் டீயின் நிறத்தைக்கூட அவளால் நாலு விதமாகச் சொல்ல முடியும்.

வானம் எதற்கு என்று கேட்டேன். அவர்கள் வீட்டில் ஒரு பழக்கமாம். விடியுமுன் அவர் உள்ளே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டே, "ஏளா, வானம் என்ன சொல்லுது?" என்று கேட்பார். இவள் கதவைத் திறந்து கடல் பக்கம் பார்த்துவிட்டுச் சொல்வாள். போனில் வரும் வானிலைச் செய்தியை அவர் நம்பமாட்டார். "எம் பொண்டாட்டிதான் எனக்கு ரேடியோ" என்று கரையில் சொல்லிச் சிரிப்பாராம். பதினோரு வருஷம் அப்படி. அன்றைக்கும் கேட்டார். இவளும் பார்த்துவிட்டு, "வெளுத்துக் கெடக்கு, போயிட்டு வாங்க" என்றாள்.

இப்போது மாமியார் சாப்பிட உட்கார்ந்தால், எழுந்தால் அதையே கேட்கிறார். கண்ணு இருந்துச்சா ஒனக்கு, பாத்துத்தான் சொன்னியா?

"நான் பாத்தேன் அண்ணாச்சி. நெசமாவே வெளுப்பாத்தான் இருந்துச்சு. வாயால சொன்னா அவிய நம்பமாட்டாக. நீங்க வரைஞ்சு குடுங்க, கண்ணுல காட்டுதேன்."

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அப்படி ஒரு காரணத்துக்காக என்னிடம் யாரும் படம் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து என் வீட்டுக்கு வந்தாள். மாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். என் வழக்கப்படி முதலில் கேன்வாஸ் முழுக்கச் சாம்பல் நீலத்தைக் கெட்டியாகப் பூசிக் காயவிட்டேன். அடியில் இருட்டு இருந்தால்தான் மேலே வைக்கிற வெளிச்சம் எடுபடும். அதன்மேல் வெள்ளையில் துளி மஞ்சள் கலந்து, சாயத்தை இளக்குகிற மீடியம் ஊற்றிப் பால்போல ஆக்கி, தொடுவானத்திலிருந்து மேலே இழுத்துக்கொண்டு போனேன். விடியல் வெளுப்பு அப்படித்தான் வரும். ஒரே தடவையில் வராது, மெல்லிசாக ஒன்றன்மேல் ஒன்று.

அவள் விடவில்லை. "இது சாயங்கால வெளுப்பு. காலை வெளுப்புல சூடு இருக்காது." கொஞ்சம் நீலம் சேர்த்தேன். "இப்ப கஞ்சித்தண்ணியாட்டம் இருக்கு. அது சிப்பிக்கு உள்ள பாத்தா இருக்குமே, அப்படி." துளி ரோஸ் சேர்த்தேன். மீடியத்தை இன்னும் ஊற்றி அகலப் பிரஷ்ஷால் தடவினேன். தொடுவானம் முழுக்கப் பால் இறங்கியது போல் ஆனது.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "இதேதான்," என்றாள். "இதேதான் அண்ணாச்சி. கைய எடுங்க." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். காப்பி கொண்டு வந்த என் வீட்டுக்காரி டம்ளரோடு படியிலேயே நின்றாள்.

நான் கையை எடுத்துவிட்டேன். செய்த தப்பு அதுதான்.

அக்ரிலிக்கில் கைவைத்த எவருக்கும் தெரிந்த விஷயம் இது. ஈரமாக இருக்கும்போது அந்த மீடியம் பால்போல வெள்ளையாக இருக்கும். காய்ந்ததும் கண்ணாடியாகிவிடும். வைத்த நிறம் ஒரு படி இறங்கும்; அடியில் இருப்பது மேலே தெரியும். அதனால்தான் ஒரு அட்டைத் துண்டில் தடவி, முடி காயவைக்கிற மெஷினால் உலர்த்திப் பார்த்துவிட்டுக் கேன்வாஸில் வைப்பேன். அன்றைக்கு அட்டையும் மெஷினும் பக்கத்திலேயே இருந்தன. என் படத்தின் முன்னால் ஒருத்தி நின்று அழுகிறாள்; "பொறு, இது இன்னும் காயணும்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தொட்டால் ஒட்டாத அளவுக்கு வந்ததும் பழைய சேலையில் சுற்றி அவளே பஸ்ஸில் எடுத்துப் போனாள். அடை மழைக்காலம், காற்றில் ஈரம். முழுக்கக் காய ராத்திரி ஆகியிருக்கும்.

மறுநாள் டீ வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தாள். கேனை இறக்கி வைத்துவிட்டு என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"நான் சொன்னபடிதானே வரைஞ்சிய?"

"ஆமா."

"அப்ப நான் பாத்திருக்கேன். கீழ, தண்ணிக்கு மேல, கருப்பா ஒரு பட்டை. எங்க கொழுந்தன் பாத்த ஒடனே சொல்லிட்டாரு, 'மைனி, இது மழை கட்டி நிக்குத வானம்லா, இதப் பாத்தா வெளுப்புன்னிய?'ன்னு. மாமி அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு இருக்காக."

அது சாயத்தின் குணம், அடியில் நான் பூசின நீலம், நீ பார்த்தது இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் நம்பவில்லை. மறுநாள் டியூபையும் அட்டையையும் ஆபீசுக்கே கொண்டுவந்து அவள் கண்ணுக்கு முன்னால் தடவிக் காட்டினேன். வெள்ளை இறங்கி நீலம் மேலே வருவதைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து, "இது இப்படி மாறும்னு ஒங்களுக்கு முன்னாலயே தெரியும்லா?" என்றாள்.

"தெரியும்."

"பொறவு ஏன் சொல்லல?"

பதில் இருந்தது. டியூபின் மூடியைத் திருகி மூடினேன்.

"இப்ப கண்ண மூடினா எனக்கு அந்தப் பட்டைதான் தெரியுது அண்ணாச்சி. முன்ன தெரிஞ்சது வரமாட்டேங்குது."

நானும் அன்றைக்குக் காலையில் பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றவன்தான். தினமும் வானத்தைப் பார்க்கிறவன் என்று வேறு பெயர். அன்றைக்கு அது எப்படி இருந்தது என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். பஸ் லேட் என்பது மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு சொல் சாட்சி சொல்ல என்னிடம் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் பிரஷ்ஷும் வெள்ளை டியூபும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். படம் நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தது. எதிரே தரையில் மாமியார். கொழுந்தன் வாசலில் வலைக்கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். அம்மா, இது என் கைத்தப்பு, கருப்பு நான் அடியில் போட்டது, காய்ந்ததும் வெளியே வந்துவிட்டது என்று விளக்கினேன். அந்த அம்மா கடைசிவரை கேட்டார்.

"வானம் காஞ்சா கருக்குமாய்யா?"

"வானம் இல்லம்மா, சாயம்."

"படிச்சவுக சொல்லுதிய. இப்ப என்ன செய்ய வந்திய?"

"அந்தப் பட்டைய வெளுப்பாக்கித் தாரேன். உங்க மருமக சொன்னது வெளுப்புத்தான்."

பிரஷ்ஷை நனைத்து வெள்ளையைத் தொட்டேன். மீடியம் இல்லாமல், காய்ந்தாலும் இறங்காதபடி கெட்டியாக. கேன்வாஸுக்குப் பக்கத்தில் கை போனபோது அந்த அம்மா அடிக்குரலில் கேட்டார்.

"அதையும் அழிச்சிட்டா, நான் யாரப் போய்க் கேக்க? கடலையா?"

வாசலில் கயிறு சுற்றும் சத்தம் நின்றது. நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. பசிக்கிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது. வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"இருக்கட்டும் அண்ணாச்சி."

"ஏளா, நீ பாத்தது இது இல்லல்லா?" என்றேன்.

"இல்லன்னு நீங்க சொல்லுதிய. எனக்கு இப்ப தெரியல. அவியளுக்குத் தெரியுதுல்லா, இருக்கட்டும்."

மாமியார் கையை ஊன்றி எழுந்து, சேலைத் தலைப்பால் படத்தின் ஓரத்தைத் துடைத்து, நாற்காலியில் நேராக வைத்தார். "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். இருந்து குடித்தேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் பிரஷ்ஷைக் கழுவாமல் பையில் போட்டது தெரிந்தது. வெள்ளை, மயிரோடு சேர்ந்து கட்டியாகிவிட்டிருந்தது. அக்ரிலிக் கெட்டியானால் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. வீட்டுக்குப் போய் வெந்நீரில் போட்டும் பார்த்தேன்.

தங்கச்சி இப்போதும் பத்தரைக்கு டீ கொண்டுவருகிறாள். டிரைவர்களோடு பழையபடி வாயடிக்கிறாள். எனக்கும் டீ உண்டு, மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள். அவள் என்ன சொல்லிச் சிரித்தாலும் இப்போது நான் எழுதி வைப்பதில்லை.